இடது சிலிண்டர் குறித்த திருத்தம்

அன்புள்ள காதர் பாய்,

1. இதை எழுதுபவன், கரடியூரில் பிறந்து, ஏற்காட்டில் குடியிருந்து, பத்திரங்கள் எழுதியும் சேலத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்தியும் வரும் வழக்கறிஞர் பொன்னுசாமி.

2. எழுதப்படுபவர், வெள்ளக்கடையில் வசித்து, ஏற்காடு கடைவீதியில் ஹார்டுவேர் கடை நடத்தி, சென்ற மாசி மாதம் காலமான காதர் பாய்.

3. இவ்விருவருக்கும் பொதுவில் ஓர் இத்தாலி மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் இடது சிலிண்டரை நான்தான் பராமரித்தேன் என்று இந்த ஊரில் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது உண்மையல்ல. சொன்னது நான்கு பேர் முன்னால் என்பதால், திருத்துவதும் நான்கு பேர் படிக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

எண் போட்டது போதும். நீங்கள் இருந்திருந்தால் இதற்குள், "ஏனுங்க வக்கீலய்யா, ஸ்டாம்பு வெண்டரக் கூப்புடட்டுங்களா?" என்று கேட்டிருப்பீர்கள்.

முதலில் இப்போதைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை வண்டியை ஏற்றிச் செல்ல பிக்கப் வேன் வருகிறது. ஒரு ரிசார்ட்டின் முன்புறத்துப் புல்வெளியில், பூந்தொட்டிகளுக்கு நடுவில் அது நிற்கப் போகிறது. புல்லில் கறை படியக் கூடாது என்று எஞ்சின் ஆயிலையும் வடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். இதைத் தடுக்க எனக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. தடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

படிப்பவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் எஸ்டேட் குடோனில், காப்பிச் சாக்குகளுக்குப் பின்னால் அந்த வண்டியை நாம் கண்டுபிடித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இரண்டு சிலிண்டர்களும் டாங்கிக்குக் கீழே இரு பக்கமும் கை விரித்தது போல நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவில் மூச்சிழுத்தால்தான் வண்டி நிதானமாக நிற்கும். ஒன்று முந்தினால் எஞ்சின் உதறும்.

முதல் மாதமே நமக்குள் சண்டை. ஒரே ஸ்க்ரூவை நான் உள்ளே திருப்ப, நீங்கள் வெளியே திருப்ப, எஞ்சின் படாதபாடு பட்டது. அன்று நான் விளையாட்டாக, பத்திரம் எழுதும் பச்சைக் காகிதத்தில் ஒரு பாகப்பிரிவினை எழுதினேன். இடது சிலிண்டர் எனக்கு, வலது உங்களுக்கு. ஒருவர் பக்கத்தை மற்றவர் அவருடைய சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. நீங்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள். நான் சிரித்துக்கொண்டே போட்டாலும், எழுதியதை எழுதியதாகவே எடுத்துக்கொண்டேன். என் தொழில் அப்படி.

ஞாயிறு தோறும் காலையில் உங்கள் வீட்டு வாசலில் பஸ்ஸில் வந்து இறங்குவேன். என் பக்கத்தில் நான் குந்துவேன், உங்கள் பக்கத்தில் நீங்கள். என்னிடம் கம்பெனிக் கையேடு இருந்தது. காற்று ஸ்க்ரூவை முழுக்க மூடி எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும், வால்வு இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. போட்டிருந்தபடி வைத்தேன். வைத்ததைத் தேதியோடு நோட்டில் எழுதினேன். நீங்கள் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

"புஸ்தவம் எழுதுனவன் ஏற்காட்டுக்கு வந்திருக்கானுங்களா? இங்க காத்தே மெலிசுங்க. கீழ சேலத்துல குடிக்கற பெட்ரோல இங்கயும் ஊட்டுனா அதுக்குச் செரிக்குமுங்களா?" என்று ஒருமுறை கேட்டீர்கள்.

"கையேட்டில் அப்படி விதிவிலக்கு ஏதும் இல்லை" என்றேன்.

"அப்பச் சேரிங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை.

நான் வைத்து முடித்ததும் இடது கொஞ்சம் இருமும்; "ஓட ஓடச் சேரியாயிருமுங்க" என்பீர்கள், பன்னிரண்டு மணி பஸ்ஸில் நான் திரும்பிவிடுவேன். அந்த வாரம் முழுக்க வண்டி தேன் போல ஓடும். வெள்ளிக்கிழமை மாலை நாம் கிளியூர்ப் பக்கம் போகும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் சொல்வேன்: "பாய், கவனித்தீர்களா, இடது பக்கம் வலதைவிடச் சீராக இருக்கிறது." நீங்கள் தலையைத் திருப்பாமலே, "பின்ன, சட்டம் படிச்ச கையில்லீங்களா" என்பீர்கள். அதை நான் பார் அசோசியேஷன் வரை கொண்டுபோய்ச் சொன்னேன்.

பிறகு மாசி மாதத்தில் ஒரு நாள், கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தவர், தராசைப் பிடித்தபடியே சரிந்துவிட்டீர்கள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தபோது உங்கள் மகன் அன்வர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னான். "மாமா, வண்டியோட ஆர்.சி. முடியப் போவுதுங்க. கீழ இன்ஸ்பெக்சன்ல பாஸானா அம்மாவுக்காக ஊட்டுலயே இருக்கட்டும். இல்லைன்னா ஒரு ரிசார்ட்டுல கேக்கறாங்க, குடுத்துடலாம். நான் கோயமுத்தூர்ல இருந்துட்டு இத என்னங்க பண்றது?" அவன் பேச்சில் நியாயம் இருந்தது. ஓட வைத்துத் தருகிறேன் என்று நான் சொன்னேன்.

நின்றே கிடந்ததில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பிசினாகிவிட்டிருந்தது. இரண்டையும் கழற்றிக் கழுவ வேண்டும். வலது உங்களுடையது, இனி அது உங்கள் வாரிசுகளுடையது. எழுதிய நானே அந்தக் காகிதத்தில் மரணம் பற்றி ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மற்றவர்களின் பத்திரங்களில் அந்த ஷரத்தை நான் ஒருநாளும் விட்டதில்லை.

உங்கள் மனைவி ஜமீலா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை. ஆகவே அன்வர் மூலமாகக் கேட்டேன். என் கேள்வியை அப்படியே இங்கே தருகிறேன்: "வலது பக்கத்தைத் தொட உங்களுக்குச் சம்மதமா?" பதில் வந்தது: "தாராளமாத் தொடச் சொல்லு."

கேட்ட கேள்விக்கு உரிய பதில். கேள்விதான் குறுகலானது. இடது பக்கத்தைப் பற்றி நான் ஏன் கேட்கப் போகிறேன்? அது என்னுடையதாயிற்றே.

ஒரு ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். எந்த மெக்கானிக்கும் செய்வது. உங்கள் பக்கத்தில் செய்தேன். மூன்று முறை எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டேன். என் பக்கத்தில் எண்ணவில்லை. நோட்டு இருக்கிறதே. இடது ஸ்க்ரூவைச் சுழற்றி எடுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன். அந்தச் சின்னச் சத்தம் இப்போதும் கேட்கிறது, பாய்.

எல்லாவற்றையும் கழுவி, மாட்டி, நோட்டில் இருந்தபடி வைத்தேன். உதைத்ததும் வலது பிடித்துக்கொண்டது. இடது இருமியது, கரும்புகை விட்டது, நின்றது. பிளக்கை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இத்தா முடிந்த வாரம் ஜமீலா தேநீரோடு வெளியே வந்தார். உங்களுக்குப் பிறகு அன்றுதான் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். கொஞ்ச நேரம் எஞ்சினின் இருமலைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஏனுங்கண்ணா, அவரு திருப்புற மாதிரி திருப்பிப் பாத்தீங்களா?"

"வலது பக்கம் அவர் வைத்தபடியேதான் இருக்கிறது அம்மா. இடதுதான் தகராறு."

"அதத்தானுங்க சொல்றேன். எடது பக்கம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். சொல்லலாமா என்று தயங்கியது தெரிந்தது. "நீங்க ஏறுன பஸ்ஸு வளைவு திரும்பற வரைக்கும் வாசல்லயே நிப்பாருங்க. அப்புறம் எடது பக்கம் போயிக் குந்திக்குவாரு. அந்த ஸ்க்ரூடைவரக் காதுல வெச்சுட்டு அரை மணி நேரம் நோண்டுவாரு. வாராவாரம் இதேதானுங்கண்ணா. நான்கூடத் திட்டுவேன், அந்த மனுசன் எழுதிக் கையெழுத்து வாங்கி வெச்சிருக்காரு, நீங்க திருட்டுத்தனம் பண்றீங்களேன்னு."

"அதற்கு என்ன சொன்னார்?"

"'எழுதுனத மாத்தச் சொன்னா வக்கீலுக்கு நோவும் புள்ள. ஸ்க்ரூவுக்கு நோவாது'ன்னாருங்க."

தேநீரைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

பத்தொன்பது வருடம், பாய். என்னிடம் மூன்று நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் நான் என்ன வைத்தேன் என்பதற்கு அவை சரியான சாட்சி. வண்டி எதில் ஓடியது என்பதற்கு அவற்றில் ஒரு வரிகூட இல்லை. அந்த அளவு ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: நீங்கள் கடைசியாகத் திருப்பிவிட்டுப் போன இடது ஸ்க்ரூ நின்றிருந்த நிலையில். அதை எண்ணாமல் கழற்றியவன் நான். நீதிமன்றத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால், சாட்சியத்தை அழித்தார் என்று நானே வாதாடியிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை? என்னைப் பார்த்து உள்ளூரச் சிரித்தீர்களா, இரங்கினீர்களா? வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் பின்னால் உட்கார்ந்து என் பக்கத்தைப் புகழ்ந்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது? முன்னால் இருந்தவரின் முகம் எனக்குத் தெரியவில்லை. கோபமும் வருகிறது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். ஒரு வாரத்தில் சரியாகியிருப்பேன். இப்போது வருத்தப்படுவதற்கு வாரங்கள் இருக்கின்றன, சரியாவதற்கு வழி இல்லை.

அதன் பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பக்கத்து அளவை என் பக்கத்துக்கு வைத்துப் பார்த்தேன். இரண்டு சிலிண்டர்களும் ஒரே மாதிரித் தேய்ந்தவை அல்ல, ஒத்துக்கொள்ளவில்லை. கால் கால் சுற்றாகத் திறந்து பார்த்தேன். உங்களைப் போல ஸ்க்ரூடிரைவரைக் காதிலும் வைத்தேன். இடிக்கிற சத்தம் கேட்டது. அதில் எது நல்லது, எது கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை. சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர். ஒரு பகல் முழுக்கப் போராடிவிட்டு, "இது பேசிப் பழகுன ஆளுக்குத்தான் கேக்குமுங்க சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆனாலும் இன்ஸ்பெக்சனுக்குக் குறித்த நாளில் வண்டியோடு சேலத்துக்கு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க வலது மட்டுமே வேலை செய்தது. இறக்கம் ஆதலால் சமாளித்தது. மைதானத்தில் அதிகாரி, "நிறுத்தி, ஆக்சிலேட்டர் குடுக்காம ஐடிலிங் காமிங்க" என்றார். கிளட்சைப் பிடித்ததும் வண்டி அணைந்தது. மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தார். "அருமையான வண்டிங்க. சரி பண்ணிட்டு வாங்க" என்றார், உண்மையான வருத்தத்தோடு. மலை ஏற அதற்குத் தெம்பில்லை. ஒரு டெம்போவில் ஏற்றி, பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டே வந்தேன். வளைவுக்கு வளைவு அதன் எடை முழுக்க என் மேல் சாய்ந்தது.

அன்வரிடம் நானே போன் செய்து சொன்னேன். அவன் குறை சொல்லவில்லை. "நீங்க பண்ணாதது என்னங்க மாமா. உடுங்க" என்றான். பக்கத்தில் நின்ற ஜமீலாதான் சொன்னார்: "அது ஓடுனா ஊட்டுல ஆள் இருக்கற மாதிரி இருக்குமுங்கண்ணா. நிக்கறதுக்கு எங்க நின்னா என்ன?"

இன்று ஞாயிறு. கடைசியாக ஒருமுறை உதைத்தேன். வலது பிடித்தது. என் பக்கம் பேசவில்லை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகியும் உங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இங்கேயே உட்கார்ந்திருந்தும் என் பக்கம் செத்துக் கிடக்கிறது. அணைத்துவிட்டு ஆயிலை வடித்தேன். சூடாக இருந்தது.

கையைக் கழுவும்போது ஜமீலா, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவீங்களாண்ணா?" என்று கேட்டார். வந்து என்ன செய்வேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வருவேன் என்றேன். சொன்ன சொல்லை எழுதியும் தருகிறேன், பாய்: வருவேன். பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போவேன். அந்த அரை மணி நேரம் வெறுமனே இருப்பேன்.

மேலே கண்டவை எனக்குத் தெரிந்தவரை உண்மை. எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதும் மேலே சொல்லப்பட்டிருக்கிறது.

(ஒப்பம்)
உங்கள் மச்சானாகவே இருக்கும்,
வக்கீல் பொன்னுசாமி
வெள்ளக்கடை, உங்கள் வீட்டு வாசலில்

சாட்சிகள்:
1. ஜமீலா, காதர் பாயின் மனைவி (படிக்கக் கேட்டுக் கையெழுத்திட்டது)
2. அன்வர், மகன் (போனில் படித்துக் காட்டியது, "சரிங்க மாமா" என்றான்)