அறுபத்து மூன்றாம் பக்கம்

கதக்,
7.2.1988

பெருமதிப்பிற்குரிய பரமேஷ்வர் ஹூகார் அவர்களுக்கு,

கதக் பஸ் நிலையத்திலிருந்து விருபாட்சப்பா கோணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்களைப் போல மைக் பிடிப்பவன்தான். 'ஹுப்பள்ளி போகும் வண்டி மூன்றாவது மேடையில் நிற்கிறது' என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு ஜில்லாவே காது கொடுக்கிறது. என்னை வண்டியைத் தவறவிட்டவர்கள் மட்டும் கவனிக்கிறார்கள், அதுவும் திட்டுவதற்கு.

உங்கள் சுயசரிதை 'நாக்கு அவிழ்ந்த கதை'க்கு வாசகர் கருத்து எழுதச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்ல வராமல் பள்ளியில் பிரம்படி வாங்கிய ஒரு திக்குவாய்ப் பையன், தானாகவே நாக்குக்கு அடியில் ஐந்து புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு, நாற்பத்தொரு நாள் உரக்கப் படித்துத் திக்கலை ஒழித்த இடம், அறுபத்து மூன்றாம் பக்கம். அதை மட்டும் ஒன்பது தடவை படித்தேன். காரணம் என் மகள் நீலவ்வா. பதினொரு வயசு. அவளுக்கும் திக்கும். "மைக்குக்காரன் வீட்டுல இப்படி ஒண்ணா!" என்று டிப்போவில் சிரிக்கிறார்கள்.

நாளைக் காலையிலிருந்து அவளுக்கு ஆரம்பிக்கிறேன். ஆசீர்வாதம் செய்யுங்கள்.

உங்கள் வாசகன்,
விருபாட்சப்பா கோணி


தார்வாட்,
16.2.1988

அன்புச் சகோதரர் விருபாட்சப்பாவுக்கு,

உங்கள் கடிதம் என்னைக் கலங்க வைத்துவிட்டது. இருநூறுக்கு மேல் கருத்துகள் வந்திருக்கின்றன. ஒரு அம்மா மூன்று நாள் அழுதாராம். ஒரு வக்கீல் எழுத்துப் பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார். ஆனால் உங்களுடையதுதான் எல்லாவற்றிலும் மேலானது. 28ஆம் தேதி காலை நிகழ்ச்சியில் அதை வாசிக்கிறேன், வீட்டோடு கேளுங்கள். இரண்டாம் பதிப்பின் கடைசிப் பக்கத்தில் அச்சிடவும் விரும்புகிறோம். சம்மதம் என்று ஒரு வரி போடுங்கள்.

நீலவ்வாவுக்குச் சொல்லுங்கள்: மனசு வைத்தால் நாக்கு பணியும்.

அன்புடன்,
பரமேஷ்வர் ஹூகார்


கதக்,
14.3.1988

மதிப்பிற்குரிய ஐயா,

28ஆம் தேதி வீட்டில் இனிப்புக்கு ஹோளிகை செய்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டோம். நீங்கள் மகளின் பெயரையும் சேர்த்து வாசித்தீர்கள். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் வகுப்பில் யாரோ அவள் உட்காரும் பலகை நிறையப் புளியங்கொட்டையைக் கொட்டி வைத்திருந்தார்களாம். டீச்சர் சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை. திக்கக்கூட இல்லை. பசித்தால் தட்டைக் காட்டுகிறாள். காலைப் பயிற்சிக்கு உட்கார வைத்தால் கொட்டைகளைத் துப்பிவிட்டு அழுகிறாள். என் மனைவி சரவ்வா, "விட்டுத் தொலைங்க. அது அவ வாயி, உங்க பஸ் ஸ்டாண்டு மைக்கு இல்ல" என்று சண்டை போடுகிறாள்.

இன்று முப்பத்தாறாம் நாள். ஐந்து கொட்டை அதிகமா? குறைக்கலாமா? உங்களைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை. தயவு செய்து சீக்கிரம் எழுதுங்கள்.

விருபாட்சப்பா


தார்வாட்,
17.3.1988

அன்புச் சகோதரருக்கு,

இன்னும் சில நாள்தான். இப்போது கைவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். தாய்மார்கள் இளகுவார்கள், அது இயற்கை. என்னை யாரும் பாவம் பார்க்கவில்லை, அதனால்தான் இன்று மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். உறுதியாக இருங்கள்.

உங்கள் சம்மதக் கடிதம் இன்னும் வரவில்லை. புத்தகம் 30ஆம் தேதி அச்சுக்குப் போகிறது.

பரமேஷ்வர் ஹூகார்


கதக்,
22.3.1988

ஹூகார் அவர்களே,

உங்கள் கடிதம் 19ஆம் தேதி வந்தது. அதுதான் நாற்பத்தொன்றாம் நாள். அன்று காலை அவள் துப்பிய கொட்டைகளை, கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடியும் கழுவி எடுத்துவந்தேன். "வாயத் திற" என்றேன். திறக்கவில்லை. தாடையைப் பிடித்துத் திறந்தேன்.

ஒன்று தொண்டைக்குள் போய்விட்டது. சத்தம் இல்லை, இருமல் இல்லை. உதடு நீலமாகிவிட்டது. சரவ்வா என்னைத் தள்ளிவிட்டு, பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தாள். கொட்டை தெறித்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தோம். உயிரோடு இருக்கிறாள்.

டாக்டர், "எவன்யா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். உங்கள் புத்தகத்தை நீட்டினேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தை நின்றுகொண்டே படித்தார். "அஞ்சு கொட்டைய வாயில வச்சுக்கிட்டு நாப்பத்தொரு நாள் கத்தியிருக்கான். ஒண்ணுகூடவா உள்ள போகல?" என்றார்.

அதையேதான் நானும் கேட்கிறேன். உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் தார்வாட்டுக்கு வந்து உங்கள் தெருவில் நின்று கேட்பேன். எனக்கு மைக் தேவைப்படாது.

கோணி


தார்வாட்,
27.3.1988

திரு. விருபாட்சப்பா அவர்களுக்கு,

போனது. இரண்டு தடவை.

வைத்தது நான் இல்லை. என் அப்பா. தாடையை அவர்தான் பிடித்தார். அவர் செத்துப்போன பிறகு அவரைக் குறை சொல்லி எழுத மனசு வரவில்லை, நானே செய்ததாக எழுதினேன். எழுதிப் பார்த்தபோது அந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போனது. எல்லோரும் கை தட்டியதும் நானே நம்பினேன்.

எனக்கு இன்றும் திக்கும். என் நிகழ்ச்சி எதுவும் நேரடி இல்லை. அரை மணி நேரத்துக்கு மூன்று மணி நேரம் பதிவு செய்வோம். நண்பர் ஒருவர் நாடாவை பிளேடால் வெட்டி, நான் சிக்கிய இடங்களை எடுத்துவிட்டு ஒட்டுவார். சில ஞாயிறு அவர் காலடியில் ஒரு கை நாடா கிடக்கும்.

பதிப்பாளரிடம் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். "அது இல்லேன்னா மிச்சத்த எவன் வாங்குவான்?" என்றார். இரண்டாம் பதிப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

17ஆம் தேதிக் கடிதத்தை எழுதும்போதே எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் எழுதினேன். மன்னிப்புக் கேட்க யோக்கியதை இல்லை.

பரமேஷ்வர்


கதக்,
9.4.1988

திரு. பரமேஷ்வர் ஹூகார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். எல்லாம் உங்களால் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு நான் தப்பித்திருக்கலாம். ஆனால் அவள் கன்னத்தில் இருந்த விரல் தடம் என்னுடையது. நான் சாப்பிட உட்கார்ந்தால் சரவ்வா எனக்கும் மகளுக்கும் நடுவில் உட்காருகிறாள்.

நேற்றுக் காலை, கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன், ஒரு வரி விடாமல். நீலவ்வா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பிளேடால் வெட்டும் இடம் வந்ததும் திரும்பினாள்.

"அ... அ..." என்று ஆரம்பித்தாள். அவள் திக்கினால் மிச்சத்தை நானே சொல்லி முடிப்பது வழக்கம். வாய் வரை வந்துவிட்டது. சரவ்வா ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். கல்லில் ரொட்டி கருகிப்போனது, யாரும் எடுக்கவில்லை.

"அவரு எ... எந்த எழுத்துல சி... சிக்கி நிப்பாரு?"

பிப்ரவரிக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

"தெரியலம்மா. நான் கேட்டு எழுதறேன்" என்றேன்.

"நா... நான் கேக்கறேன்னு எழுதுங்க."

அவள் கேட்கிறாள். பதிலை அவள் பெயருக்கே போடுங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

விருபாட்சப்பா கோணி