கணவர் கையொப்பம்

மார்ச் 3

ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். புதிய அரசின் குடியுரிமைச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஜூன் முப்பதோடு வேலை இல்லை. எங்கள் ஊர் வேறு நாட்டின் கைக்கு மாறி இரண்டு மாதம்தான் ஆகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பதினாறு வருஷம். பிறந்ததும் இதே ஆஸ்பத்திரியில். எனக்கென்ன பயம்?

மார்ச் 11

நாலு மணி நேரம் வரிசை. குமாஸ்தா படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

"கல்யாணமான பொம்பளைங்களுக்குப் புருஷனோட குடியுரிமைதாம்மா. அவர் கையெழுத்து வேணும்."

"அவர் விட்டுட்டுப் போய்ப் பதினோரு வருஷமாச்சு, சார்."

"அப்ப அவர் எந்த நாடோ, நீங்களும் அந்த நாடு."

எந்த நாடென்று குமாஸ்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படியும் முத்திரை குத்தத் தெரிகிறது.

மார்ச் 12

தம்பிக்குக் கிடைத்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் சான்றிதழைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினான். ஒரே வயிற்றில் பிறந்தோம். அவன் உள்நாடு, நான் வெளிநாடு.

ஏப்ரல் 20

அவர் வந்தார். என் கணவர். நரைத்திருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. கொடி மாறிய அன்று இங்கே இல்லாததால் அவருக்கும் சிக்கலாம்.

"இத்தனை நாளும் உன்கூடத்தான் இருந்தேன்னு ஒரு கையெழுத்துப் போடு. ரெண்டு பேருக்கும் கிடைச்சிடும்."

படிவத்தை நிரப்பியே கொண்டுவந்திருந்தார். 'இடைவிடாது சேர்ந்து வாழ்ந்து வருகிறோம்.' இடைவிடாதாம்.

அவர் போனதும் அம்மா சொன்னாள்: "காரியம் ஆகணும்னா கழுதை காலையும் பிடிக்கணும்டீ."

கழுதை உதைத்துவிட்டுப் போனதால்தானே இந்தப் பாடு?

ஏப்ரல் 21

போட்டால் வேலை தங்கும். போடாவிட்டால் — தெரியவில்லை.

ஆனால் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வாசலில் தனியாக நின்றது யாரு? வாடகை வீட்டு ஓனர் சாமானைத் தெருவில் வெச்சப்போ வண்டி தேடி அலைஞ்சது யாரு? அப்பல்லாம் இவரும் பக்கத்துல இருந்தார்னு நானே என் கையால எழுதிக் கொடுக்கணுமா? எதுக்கு?

ஏப்ரல் 23

படிவத்தை வாங்க அவர் மறுபடி வந்தார். மாட்டேன் என்றேன்.

"உனக்கும்தானே நஷ்டம்?"

"ஆமா. தெரிஞ்சுதான் சொல்றேன்."

ஜூன் 30

கூடத்தின் சாவியை ஒப்படைத்தேன். பெரிய டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 14

தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்கு வெளிநாட்டவர் அட்டை வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நல்லவேளை, இதற்கு எவர் கையொப்பமும் தேவையில்லை. அட்டை கொடுக்கும் அலுவலக ஜன்னலில் ஒரு இளம்பெண். தலை நிமிராமல் கேட்டாள்.

"எந்த நாட்டுலேருந்து வந்திருக்கீங்க?"

"பின்னாடித் தெருவுலேருந்து."

நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் இந்த ஊர்ப் பெயரை எழுதி, அதன் மேலேயே 'வெளிநாட்டவர்' என்று முத்திரை குத்தி, மெதுவாக நீட்டினாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு நடந்தேன்.