ட்ரங்க் காலில் ஓர் அட்டைக்கட்டு

9-10-1967

லீவில் ஊருக்கு வந்தால், வெள்ளிக்கிழமை ராயவரத்துப் பெரியகருப்பன் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். கல்யாணமானால் மெட்ராஸ் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட வேண்டுமாம். மாப்பிள்ளை பி.காமை இரண்டாம் தடவையில் முடித்த மேதை, சொன்னால் சரியாகத்தான் இருக்கும்! பெற்ற அப்பச்சி பேப்பரை விரித்துக்கொண்டார்.

"நீ இல்லாட்டி அங்கிட்டு என்ன நின்னா போகும்?" என்கிறாள் ஆத்தா.

13-10-1967

மாப்பிள்ளை கேட்ட ஒரே கேள்வி: "அந்த மெஷினு ஜாதகம் பாக்குமா?" கேசரியை மட்டும் கேட்டு வாங்கித் தின்றார்.

14-10-1967

ஆபீசிலிருந்து சீனியர் ரெங்கசாமி தந்தி. புரோகிராமில் நான் எழுதிய வருமான வரிப் பகுதி தப்பாம், தீபாவளி போனஸ் கணக்கு பாதியில் நிற்கிறதாம். திங்களன்று திருமயம் போஸ்டாபீசில் காத்திரு, சரியாகாவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள், மானேஜர் உத்தரவு.

தப்பா? நான் கிளம்பும் நாள்வரை ஓடியதே! என்னைக் குறை சொல்ல மட்டும் இந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் சுறுசுறுப்பு வருகிறதோ. வேலை போனால் ராயவரம்தான்.

16-10-1967

அப்பச்சியோடு திருமயம் போனேன். மெட்ராஸிலிருந்து ட்ரங்க் கால் என்றதும் ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள்கூட நகரவில்லை. லைனில் ரெங்கசாமி.

ஓடுகிற புரோகிராமின் நடுவே கூப்பிட்டால், மெஷினுக்குள் அப்போது என்ன இருக்கிறதென்று அச்சடித்துவிட்டு விட்ட இடத்துக்கே திரும்பும் குட்டி புரோகிராம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். ரெங்கசாமி அதற்கு வைத்த பெயர் 'ஒட்டுக்கேட்பு'.

"அதைக் கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"அந்த விளையாட்டுக்கெல்லாம் நேரமில்லம்மா. உன் லாஜிக்கே தப்பு."

"மொதல்ல கூப்பிடுங்க சார்! வரிப் பகுதி ஆரம்பிக்கிற எடத்துல!" கத்தியே விட்டேன். போஸ்டாபீசே திரும்பிப் பார்த்தது.

மத்தியானம் மறுபடி கால். அச்சானதை வாசித்தார். வரிப் பகுதியின் முதல் கட்டளையில் ஓர் எண் இருக்க வேண்டிய இடம் காலி. அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் மெஷின் நின்றிருக்கிறது. ஒரு கட்டளைக்கு ஓர் அட்டை, ஓர் எண்ணுக்கு அதில் ஒரு துளை.

"அந்த அட்டைய வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

அட்டைகளைப் புரட்டுகிற சத்தம். பிறகு, மெதுவாக: "ஒரு ஓட்டை அடைச்சிருக்கு. சந்தனம்... ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு கட்டுக்கும் மேல் அட்டையில பொட்டு வச்சோம்."

பல லட்ச ரூபாய் மெஷின். அதற்குப் போடும் அட்டையின் துளையைச் சந்தனத்தால் அடைத்துவிட்டு என் லாஜிக் தப்பாம்! புது அட்டை துளைத்துப் போட்டதும் ஓடிவிட்டது. மன்னிப்பா? ரெங்கசாமியா கேட்பார்?

19-10-1967

ராயவரத்தார் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நடுத்தெருவில் நின்று ஆம்பளையை அதட்டுகிற பெண்ணாம். போஸ்டாபீஸ் எப்போது நடுத்தெரு ஆனதோ. ஆத்தா அழுதாள்.

அப்பச்சி என்னைப் பார்த்து, "ஏத்தா, அன்னைக்கி நீ போட்ட சத்தத்துல எனக்கே நடுக்கம் வந்துருச்சு" என்றார். பிறகு, "சாயங்காலம் மெட்ராஸ் ரயிலு. பொட்டியக் கட்டு."

எனக்கும் அழுகை வந்தது. சே.

28-9-1968, மெட்ராஸ்

ஆயுத பூஜை வருகிறது. மெஷின் அறையில் அறிவிப்பு: 'அட்டைகளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது.' கையெழுத்து ரெங்கசாமி. ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

புதிதாகச் சேர்ந்த பிச்சைமுத்துவின் புரோகிராம் இன்று நடுவில் நின்றது. ரெங்கசாமி சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது: "முதல்ல ஒட்டுக்கேட்பைக் கூப்பிடு. அப்பவும் புரியலேன்னா அந்தம்மாவைக் கூப்பிடு."

கூப்பிடட்டும் என்று காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.