உட்காரச் சொன்னார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த ஊர் கம்பெனியில் மெஷின் பழகிவிட்டது. மனிதர்கள்தான் இன்னும் பழகவில்லை.

முதல் நாள் மேனேஜர் அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். "உட்காருங்க. அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது" என்றாள். நான் அசையவில்லை. கூட வந்த மெக்கானிக் சிரித்துவிட்டான். "உக்காருப்பா, நாற்காலி கடிக்காது."

உட்கார்ந்தேன். நாற்காலி நுனியில்தான், கட்டிய கையைப் பிரிக்காமல்.

நம் ஊரில் உங்கள் முதலாளி பேப்பர் படித்து முடிக்கும்வரை, வீங்கிய முட்டியோடு அவர் வாசலில் நிற்பீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு மரியாதை என்று பெயர் சொல்லி எனக்கும் பழக்கினீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து கோபம் அடங்கவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. யார்மேல் கோபம் என்று எழுத மனம் வரவில்லை.

தங்கை கல்யாணத்துக்கு வரும்போது முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்கள். மண்டபம் அவருடையது, உங்கள் வேலையும் அவர் கையில். தெரியும். ஆனால் வந்தால் அவர் எதிரில் உட்கார்ந்துவிடுவேன் அப்பா. உங்களையும் கையைப் பிடித்து உட்கார வைப்பேன்.

அம்மாவிடம் கேட்காமல் நீங்களே சொல்லுங்கள். நான் வரட்டுமா?

உங்கள் மூத்தவன்