பஞ்சுப் பெட்டியில் உங்கள் மகன்

என் உயிரோடு கலந்த அத்தானுக்கு,

உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. மகன் பிறந்திருக்கிறான். சித்திரையில் நீங்கள் காய்ச்சலில் போனபோது இவன் என் வயிற்றில் இருந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்களும் அவரவர் ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதை யாரிடம் முதலில் சொல்ல வேண்டுமோ அந்த ஆளைத் தவிர எல்லாரிடமும் சொன்னேன்.

தையில் பிறக்க வேண்டியவன் அத்தான். ஐப்பசி அடைமழையில், ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டான். நாலைந்து கருப்பட்டியின் கனம்தான் இருப்பான். "ஏழுல பொறந்தது தங்கும்ளா, எட்டுலதான் தங்காது" என்று அத்தை எனக்குத் தைரியம் சொன்னார். சொல்லிவிட்டு உங்கள் அம்மா பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிள்ளையின் காலைத் தொட்டால் குளிர்ந்து கிடக்கிறது. அவனுக்குச் சூடு வேண்டும், இந்த வீட்டில் அதுதான் இல்லை.

நீங்கள் ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டை இப்போது நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. "பிறந்ததிலிருந்து சரக்குக் குடோனிலேயே புழுங்கிக் கிடந்தேன், என் வீட்டில் காற்று ஓட வேண்டும்" என்று சொல்லிச் சுவருக்குச் சுவர் ஜன்னல் வைத்தீர்கள். தென்னை உயரத்துக்குக் கூரை தூக்கினீர்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் மெச்சினார்கள். இப்போது கடல் பக்கமிருந்து அடிக்கிற வாடைக்காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து எங்கள் எலும்பையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு மறு ஜன்னலில் போகிறது. இருக்கிற கொஞ்ச நஞ்சச் சூடும் ஓட்டு இடுக்கு வழியாக மேலே போய்விடுகிறது. இப்படி ஒரு வீட்டில் ஒரு கைக்குழந்தை பிறக்கும் என்று உங்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லையா?

விறகைக் கொண்டுதான் ஈடுகட்ட வேண்டும். ஆனால் விறகு எங்கே இருக்கிறது? இந்த உலகச் சண்டை வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. சீமெண்ணெயை ரேஷன் கார்டுக்கு அளந்து ஊற்றுகிறார்கள், அது சிம்னி விளக்குக்கே காணாது. பெட்ரோல் இல்லையென்று பஸ்ஸெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடுகின்றன. உங்கள் தம்பி சுடலை விறகுக் கடைக்கு நடையாய் நடந்தார். "வெட்டுத மரமெல்லாம் பஸ்ஸுக்குக் கரி சுடப் போவுது அண்ணாச்சி, ஈர உடைமர விறகுதான் கெடக்கு, வேணும்னா தூக்கிட்டுப் போங்க" என்றாராம் கடைக்காரர். அந்த ஈர விறகைத்தான் எரித்தோம், இல்லை, ஊதினோம்.

அது போதாமல் உங்கள் சாய்வு நாற்காலியும் போயிற்று. நான் தொட மாட்டேன் என்றேன். அத்தைதான் முற்றத்தில் போட்டுக் கோடாலியால் பிளந்தார். "தேக்கு நல்லா எரியும்ளா" என்று மட்டும் சொன்னார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

பிறகு வீட்டை அடைக்க ஆரம்பித்தோம். சுடலை பஞ்சாலையிலிருந்து கழிவுப் பஞ்சு ஒரு சாக்கு கொண்டுவந்தார். ஜன்னல் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மேலே சாக்கை அறைந்து, ஓரமெல்லாம் களிமண்ணும் சாணியும் சேர்த்து மெழுகினோம். காற்று நின்றது. அறைக்குள் அத்தை அனல் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை பெற்ற அறையில் தீ அணையக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம், எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். நான் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாக அவன் பாதம் கதகதவென்று இருந்தது. அப்பாடா என்று நானும் கண்ணை மூடினேன்.

மறுநாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை அத்தான். தலை கல்லாய்க் கனத்தது. அறை முழுக்கப் புகை. எனக்குத் தூங்கவேண்டும் போல இருந்தது, வேறொன்றும் வேண்டாம் போல இருந்தது. பிள்ளையைப் பார்த்தேன். உதடு நாவல்பழமாய்க் கறுத்திருந்தது. எப்படி எழுந்தேனோ தெரியாது, உங்கள் ஜன்னலில் அடித்திருந்த சாக்கைப் பிடித்து இழுத்தேன். அது ஆணியோடு பிய்ந்து வந்தது. "ஏளா, என்ன காரியம் பண்ணுத!" என்று அத்தை ஓடி வந்தார். வாடைக்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. அவன் ஒரு தரம் விக்கினான். பிறகு மூச்சு வாங்கினான்.

அந்த ஜன்னல் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் அன்றைக்கே உங்களிடம் வந்திருப்போம். வீட்டைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாதியை மட்டும் மன்னித்தால் போதும், கூரை உயரம் உயரம்தான்.

சுடலை ஜட்கா வண்டி வைத்து டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். அவர் அனல் சட்டியைத்தான் முதலில் வெளியே தூக்கச் சொன்னார். "இந்தக் குழந்தைக்குச் சூடு வேணும், ஆனா புகை ஆகாது. மழையில ஆஸ்பத்திரிக்குத் தூக்கினா வழியிலேயே போயிரும். வீட்டிலேயே எப்படியாவது உடம்புச் சூடு இறங்காமப் பாத்துக்கோங்க" என்றார். தீ இல்லாமல் எப்படி அம்மா சூடு என்று கேட்டேன். அவர் பிள்ளையின் காலைத் துணியில் பொதிந்து வைத்துவிட்டு ஜட்காவில் ஏறினார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் சோற்றுப் பானையில் இருந்தது. அன்றைக்கு உலை கொதித்து அரிசி பாதி வேகும்போதே விறகு தீர்ந்துவிட்டது. அத்தைக்கு வந்ததே கோபம்! "வேவாட்டா வேவாமப் போ" என்று பானையைத் திட்டி, மூடியோடு தூக்கி, மிச்சமிருந்த பஞ்சுச் சாக்குக்குள் அமுக்கி வாயைக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் பசி பொறுக்காமல் அவிழ்த்தால், சோறு மல்லிகைப் பூவாய் வெந்து ஆவி பறக்க இருக்கிறது. ஒரு சுள்ளி எரியவில்லை, பஞ்சுதான் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அத்தை பானையைப் பார்க்கிறார், நான் அத்தையைப் பார்க்கிறேன்.

"பலசரக்குக் கடையில காலித் தேயிலைப் பெட்டி கெடைக்குமா?" என்று சுடலையிடம் கேட்டேன். கொழும்பிலிருந்து கப்பலில் வருமே, உள்ளே ஈயத் தகடு ஒட்டினது, அது. அதில் பஞ்சை மெத்தையாய் நிரப்பி, நடுவில் குழி செய்து உங்கள் பழைய வேட்டியை விரித்தேன். சோறு பொங்கி இறக்கியதும் அதே அடுப்புக் கங்கில் உப்பை வறுத்து, துணியில் முடிந்து பஞ்சுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாய் வைத்தேன். உப்பளம் சூழ்ந்த இந்த ஊரில் உப்புக்குப் பஞ்சமா? துறைமுகத்தில் தோணிக்காரர்களிடம் கெஞ்சி சுடலை ஒரு கிழிந்த பாய்மரத் துணி வாங்கி வந்தார். கட்டிலைச் சுற்றிக் கூடாரமாக அதைக் கட்டினோம். தென்னை உயரக் கூரையை யாரால் சூடாக்க முடியும்? ஒரு கட்டில் அளவு வீடு எங்களுக்குப் போதும். மேலே ஒரு ஜன்னல் கதவை மட்டும் நாலு விரல் அகலம் திறந்தே வைத்தேன்.

பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்தபோது அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "பெட்டியில வைக்கது எதைன்னு உனக்குத் தெரியாதாளா? தீயையும் அணைச்சிட்ட. காத்துக் கருப்பு உள்ள வந்துரும்ளா." தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன அத்தை என்றேன். அதற்கப்புறம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் உப்பு ஆறும் முன்பே வறுத்து முடிந்து, கூடாரத்துக்கு வெளியே சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார்.

பெட்டியில் அவன் கொஞ்சம் நிறம் மாறினான். பஞ்சில் நனைத்துப் பிழிந்த பால் உள்ளே இறங்கியது. எனக்கும் நம்பிக்கை வந்தது. நம்பியிருக்கக் கூடாதோ என்னவோ.

நேற்றிலிருந்து மழை விடவில்லை. இன்று மத்தியானம் பால் இறங்கவில்லை, கடைவாயில் வழிந்துவிட்டது. உப்பு வறுக்கவும் விறகு இல்லை. அவன் கண்ணைத் திறந்து, சுவரில் உங்கள் படம் மாட்டியிருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை கூடாரத்துக்குள் வந்து அதைப் பார்த்தார். "உன் புருசன் கூப்பிடுதாம்ளா" என்றார். "தனியா இருக்க முடியாதவன். சின்னப் பிள்ளையிலயே இருட்டுன்னா என் சேலையைப் பிடிச்சிட்டுத்தான் நிப்பான். துணைக்குக் கூப்பிடுதான்."

உண்மையா அத்தான்? நீங்களா கூப்பிடுகிறீர்கள்? உங்களிடம் சண்டை போடத்தான் வாய் திறந்தேன்.

அதற்குள் அத்தை உங்கள் படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டார். நீங்கள் போன நாளிலிருந்து அந்தப் படத்தை அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. "ஏலே!" என்று ஒரு சத்தம் போட்டார். "போதும்லே. கைப்பிள்ளையை விட்டுரு. உனக்குத் துணைதானே வேணும்? ஆத்தா நான் வாரேம்லே. என்னயக் கூப்பிடு." சொல்லிவிட்டு வந்து பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்து, தன் வெற்று மார்போடு அணைத்து, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் படுத்தார். அவன் முதுகுப்பக்கம் நான் ஒட்டிப் படுத்தேன். உங்கள் அம்மாவின் உடம்பே அடுப்பாய்க் கணகணவென்று இருந்தது அத்தான். இத்தனை நாளும் விறகுக்குத் தெருத் தெருவாய் அலைந்தோம்.

இப்போது விளக்கு வைக்கிற நேரம். அத்தை கண்ணயர்ந்துவிட்டார். அவன் சற்று முன்பு முனகினான், ஒரு விரல் பாலைச் சப்பினான். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. பிழைத்துவிட்டான் என்று உங்களுக்கு எழுத எனக்குத் தைரியமில்லை.

அத்தை உங்களுக்குக் கொடுத்த வாக்கு செல்லாது. அவரையும் விட மாட்டேன், இவனையும் விட மாட்டேன். உங்களுக்கு அங்கே இருட்டாக இருக்கும், எனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். இவன் வளர்ந்து ஆளாகி, இந்த வீட்டு ஜன்னலெல்லாம் தன் கையால் திறந்து வைத்து உட்காரட்டும். அதற்கப்புறம் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் நான் வருகிறேன், இது சத்தியம். அதுவரை யாரையாவது கூப்பிட்டீர்களானால் அங்கே வந்தும் உங்களோடு முகம் கொடுத்துப் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் அம்மா