ஆறாவது மாகாணம்

2005 ஜனவரி 8, சனி

வெட்கக்கேடான உண்மை ஒன்று. இங்கே தவிர வேறெங்கும் எழுத முகமில்லை. நான் குவைத்தில் வேலை செய்ததே இல்லை. எண்பத்தைந்தில் பாரிசுக்குப் போகும் வழியில், அந்த விமான நிலையத்தில் பதினான்கு மணித்தியாலம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருந்தேன். அவ்வளவுதான். அதை இழுத்து இழுத்து ஒரு ஷேக்கிடம் பார்த்த நான்கு வருட உத்தியோகமாக்கி வைத்திருக்கிறேன். பாரிசை விட்டுப் பிறகு குடிவந்த இந்த மோர்டனில் எந்தப் பிறந்தநாள் விழாவென்றாலும் "நான் குவைத்தில இருக்கேக்க..." என்று தொடங்கிவிடுவேன். மனைவி வத்சலாவுக்கு உண்மை தெரியும். அந்த நேரம் பார்த்துக் கோப்பை கழுவப் போய்விடுவாள்.

இன்று அதற்கான கூலி கதவைத் தட்டியது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நகுலேஸ்வரி. பருத்தித்துறைக் கரையிலிருந்த அவர்களுடைய வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. தாய் தப்பி, பள்ளிக்கூட முகாமில் இருக்கிறா. தங்கை லோஜினி குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். அவளுடைய விலாசம், நம்பர் எல்லாம் வீட்டோடு போயிற்று. அவள் அழைப்பதற்கு இருந்த ஒரே தொலைபேசியும் அங்கேதான் இருந்தது.

"அம்மா செத்துப்போனா எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பாள் அண்ணை. உயிரோட இருக்கிறா எண்டு ஆராவது சொல்லவேணும். நீங்கள் அங்க இருந்த ஆள்தானே."

"உம்மட்ட விலாசம் இல்லையோ?"

"நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஆறு வருசம்."

வம்புக்கு அலையும் என் நாக்கு ஏன் என்று கேட்கத் துடித்தது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"புளொக் நாலு எண்டது மட்டும் தெரியும்" என்றாள்.

"புளொக் நாலோ! தெரிஞ்ச இடமெல்லோ!" சொன்னது என் வாய். சத்தியமாக நான் இல்லை.

ஜனவரி 10, திங்கள்

நூலகத்தில் ஒரு பழைய தடித்த புத்தகம் கிடைத்தது. குவைத்தில் ஐந்து மாகாணங்கள். ஃபர்வானியா நான்கு லட்சம் சொச்சம், ஹவாலி மூன்றரை, தலைநகர் மூன்று, அஹ்மதி இரண்டரை, ஜஹ்ரா இரண்டு சொச்சம். பாடமாக்கிவிட்டேன். நான்கு வருடம் "இருந்த" நாட்டைப் பற்றி இன்றைக்குத்தான் படிக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன். அங்கே ஒவ்வொரு ஊரையும் புளொக் புளொக்காகப் பிரித்திருக்கிறார்கள். புளொக் நாலு இல்லாத ஊரைத் தேடுவதுதான் கஷ்டம்.

ஜனவரி 11, செவ்வாய்

நகுலேஸ்வரி வீட்டில் இருந்தபோது முகாமிலிருந்து தாய் போன் எடுத்தா. இரைச்சலுக்குள், "குரைன் எண்டு ஒரு ஊர்ப்பேர் சொல்லுவாள் தம்பி" என்றா.

புத்தகத்தில் குரைன் இல்லை. நகுலேஸ்வரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி ஒரு இடம் இல்லை அம்மா. நான் அங்க இருந்தனான்."

"அப்ப எனக்குத்தான் மாறாட்டமாக்கும்" என்றா அந்த மனுசி.

சனத்தொகை கூடிய இடத்திலிருந்து தொடங்குவதாக முடிவு. எவ்வளவு விஞ்ஞானபூர்வமான ஆள் நான்!

ஜனவரி 14, வெள்ளி

கடைக்காரர் கிருஷ்ணராசா ஒரு நம்பர் தந்தார். செபமாலைமுத்து, நாகர்கோவில்காரர், ஃபர்வானியாவில் பலசரக்குக் கடை. முன்பின் தெரியாத எனக்காகத் தன் விடுமுறை நாளில் புளொக் நாலில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். இல்லை.

ஜனவரி 21, வெள்ளி

இன்று ஹவாலி புளொக் நாலுக்கும் போயிருக்கிறார். இல்லை.

ஜனவரி 22, சனி

இதை எழுதக் கை வரவில்லை.

"அந்தப் பொண்ணு ஊர்ப்பேரு எதுவும் சொல்லலையா சார்?" என்று செபமாலைமுத்து கேட்டார்.

"குரைன் எண்டு தாய் சொல்லுறா. அப்பிடி ஒரு இடம்..."

"இருக்கே! முபாரக் அல்-கபீர் மாகாணத்துல."

"அப்பிடி ஒரு மாகாணமே இல்லையே. அஞ்சுதானே?"

"ஆறு சார். அதப் பிரிச்சு அஞ்சாறு வருஷமாச்சே. ஆமா, நீங்க எந்தக் காலத்துல இங்க இருந்தீங்க?"

போனை வைத்துவிட்டேன். அந்தத் தாய் சரியாகச் சொன்னா. நான் பிழை என்றேன். ஏன்? என்ர குவைத் கதை உடையக்கூடாது எண்டுதானே? சீ.

ஜனவரி 28, வெள்ளி

கிடைத்துவிட்டாள்! குரைன், புளொக் நாலு. மூலைக் கடை மலையாளிக்கு அங்குள்ள எல்லாப் பணிப்பெண்களையும் தெரியுமாம். செபமாலைமுத்துவின் கைத்தொலைபேசியிலேயே பேச வைத்தோம். ஆறு வருடம் பேசாத சகோதரிகள் பத்து நிமிடம் அழுதார்கள். பேசியது என்னவோ இரண்டு வார்த்தை.

ஜனவரி 29, சனி

நகுலேஸ்வரி வடையோடு வந்தாள். சந்தோசத்தோடு சந்தோசமாக ஒன்று சொன்னாள்.

"பாவம் அண்ணை அவள். செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிச்சிருக்கிறாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல், குசினிக்குள்ள, அம்மாவுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்க் கறி வச்சுப் படைச்சு."

கடித்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தேன். பதினோராம் தேதி நான் வாயை மூடிக்கொண்டு அந்தப் பெயரை அப்படியே கொடுத்திருந்தால், பதினான்காம் தேதியே கிடைத்திருப்பாள். உயிரோடு இருக்கும் தாய்க்குப் படைத்திருக்க மாட்டாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஷேக், உத்தியோகம், எல்லாம் புளுகு. கதிரை மட்டும் உண்மை என்று. வத்சலா இந்த முறை கோப்பை கழுவப் போகவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

நகுலேஸ்வரி வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "என்னெண்டாலும் தேடினது நீங்கள்தானே. மற்றவை எல்லாரும் 'எம்பசிக்கு எழுதும்' எண்டிட்டுப் போட்டினம்" என்றாள். கடைசியில் சிரித்தும் விட்டாள். "விடுங்கோ அண்ணை. பதினாலு மணித்தியாலமெண்டாலும் குவைத்தில இருந்தனீங்கள்தானே!"

ஜனவரி 30, ஞாயிறு

அந்தப் பதினான்கு மணித்தியாலத்துக்காவது ஒரு அத்தாட்சி காட்டலாமென்று சூட்கேசைக் கிளறினேன். எண்பத்தைந்தாம் ஆண்டு டிக்கெட் அடிக்கட்டை கிடைத்தது.

கொழும்பு – பஹ்ரைன் – பாரிஸ்.