கட்டில்கள் காலியாகக் கிடந்தன

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
12.8.2024

அன்புத் தம்பி இமானுவேலுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, அதனால்தான் கடிதம்.

மலையடிவாரத்தில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க அரசாங்கம் நல்ல கட்டடம் கட்டியிருக்கிறது. சாப்பாடு, நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. இங்கே எங்கள் மிஷன் மருந்தகத்தில் நான் பார்க்கும், மிளகு விவசாயி பூபதியின் மனைவி அருள்மொழிக்கு மாதம் நெருங்குகிறது. முந்தைய இரண்டும் தங்கவில்லை. ஆனால் உங்கள் கம்பெனி செய்த வெப்சைட்டில் பதிந்தால்தான் கட்டில் கிடைக்குமாம். முதல் பக்கத்து வீடியோவே சுற்றிக்கொண்டு நிற்கிறது. நானும் போனைத் தூக்கிப் பிடித்தபடி பாறை பாறையாக ஏறிப் பார்க்கிறேன். வெறும் எழுத்தாக ஒரு பக்கம் போட்டுக் கொடேன், சாமி.

உன் அக்கா,
ஸ்டெல்லா

கோயம்புத்தூர்
19.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். படம், வீடியோ எதுவுமில்லாத பக்கத்தை அன்றைக்கே செய்துவிட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "அதிகாரிங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்ப்பா. அவங்க முன்னாடி இந்த மொட்டைப் பக்கத்தையா காட்டுறது?" என்கிறார். அதுவரை, பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கும்போது, கீழே சிக்னல் இருக்கும், அங்கிருந்து பதிந்துவிடு. வேளைக்குச் சாப்பிடு.

தம்பி,
இமானுவேல்

கொல்லிமலை
27.8.2024

தம்பிக்கு,

சந்தைக்கு முந்தின நாள் காலையிலேயே அருள்மொழிக்கு வலி கண்டுவிட்டது. ஜீப்பில் வளைவுகளில் இறங்கும்போதே பிறந்தது. பெண் குழந்தை. என் கையில் ஒரு தடவை முனகியது, அவ்வளவுதான்.

தாயை அந்தக் கட்டடத்தில்தான் படுக்கவைத்தோம். கட்டில்கள் காலியாகக் கிடந்தன. விரித்த போர்வைகூடக் கலையவில்லை. பூபதி சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏனுங்க சிஸ்டரு, இத்தன எடம் இருக்குதுங்களே?" என்றார்.



ஸ்டெல்லா

கோயம்புத்தூர்
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனை கடிதம் போட்டும் பதிலில்லை. அந்தப் பக்கத்தைப் போன வாரம் ஏற்றிவிட்டார்கள். என்மேல் கோபமா? திட்டியாவது எழுது. கிறிஸ்துமஸுக்கு அங்கே வரட்டுமா? பூபதியையும் அருள்மொழியையும் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும் போலிருக்கிறது.

இமானுவேல்

கொல்லிமலை
2.11.2024

அன்புத் தம்பிக்கு,

பக்கம் உடனே திறக்கிறது. இந்த மலையிலேயே பைல் நாட்டுப் பெண் ஒருத்தியைப் பதிந்து அனுப்பியும்விட்டேன்.

உன்மேல் கோபமில்லை, கண்ணு. நீ செய்தாய், நிறுத்தி வைத்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் வராதே. அருள்மொழி தினமும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். உன்னைப் பார்த்தால், "தம்பிக்கு என்ன வேலைங்க?" என்று கேட்பாள்.

எனக்குப் பொய் சொல்ல வராது.

ஸ்டெல்லா